லைசென்ஸ்காரர் வீட்டு லைசென்ஸ்

என் தாய்மாமன் டெரிக் ஓல்ட்ராய்ட் எந்தக் கதவையும் மூன்று முறைதான் தட்டுவார். நான்காவது தட்டு போலீஸ்காரனுடையது என்பார். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். உள்ளே இருப்பவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் தன் உருவம் முழுசாகத் தெரிய வேண்டும், கையில் அட்டையும் பேனாவும் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் தெரிய வேண்டும்.

பதினோரு வருடம் இப்படித் தட்டினார். இங்கிலாந்தில் வீட்டில் டிவி பார்க்க வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்படி டிவி லைசென்ஸ் இல்லாத வீடுகளின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அவருடைய கைக்கருவியில் வந்து விழும். பெயர் இருக்காது. தெருவும் வீட்டு எண்ணும் மட்டும். போக வேண்டும், தட்ட வேண்டும், "லைசென்ஸ் இல்லாம டிவி பாக்குறீங்களா?" என்று கேட்க வேண்டும். உள்ளே விடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஜனங்களுக்கு அது தெரியாது. பாதிப் பேர் சோபாவுக்குப் பின்னால் பதுங்குவார்கள். மீதிப் பேர் கதவைத் திறந்து வாயில் வந்ததைச் சொல்வார்கள். உள்ளேயிருந்து கால்பந்து வர்ணனை தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க, "அது எங்க வீட்டுக் கிளிங்க" என்று ஒருவர் சொன்னாராம். "நல்லாப் பேசுதே, ஸ்கோர் என்னவாம்?" என்று மாமா கேட்டாராம். ஆள் சிரித்துவிட்டார், பாரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அந்தப் பாரம்தான் இந்த வேலையின் மையம். வீட்டுக்காரர் சொல்வதை எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குவது. கையெழுத்து விழுந்த பாரம் கோர்ட்டுக்குப் போகும். ஒருமுறை டான்காஸ்டரில் ஓர் அம்மா மழையில் நின்ற மாமாவை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து, அவர் நீட்டிய பாரத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாராம். "டீயும் குடிச்சுட்டு, கையெழுத்தும் வாங்கிட்டு வந்தேண்டா" என்று என்னிடம் சொன்னபோது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் ஹாக்தோர்ப். யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கம் மூடிப் போன ஊர்களில் ஒன்று. மாமா சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். அது மூடியதும் கிடங்கில் பெட்டி தூக்கினார், கார்ப்பெட் ஆலையில் நின்றார், இரண்டு கையிலும் விரல் மரத்துப்போகும் நோய் வந்தது. பேனா பிடிக்க முடிந்தது, சுத்தியல் பிடிக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் இந்த வேலை கிடைத்தது. இதை விட்டால் வேறில்லை என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவி லோரெய்ன் அத்தைக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் அவருக்குப் பெயர் 'பெட்டி போலீஸ்'. கிளப்பில் அவர் நுழைந்தால், "ஏய், டிவியை அமத்துங்கப்பா, போலீஸ் வந்துருச்சு" என்று யாராவது கத்துவார்கள். கோபமாக இல்லை. சொந்த ஊரில் வேலை பார்க்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அதனால் அவர் எங்களுக்கு ஆபத்தில்லாத போலீஸ்.

2013 ஜூலையில் நான் ஊரில் இருந்தேன். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் வரலாறு முடித்து, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டுப் படம் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பதினாறு வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்த முதல் ஆள் நான். அந்தப் படத்தை அம்மா முன்னறையில் டிவிக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். டிவி பார்க்கிற எல்லோரும் என்னையும் பார்த்தே ஆக வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இருந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மாமா எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். வேலை நேரம். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"உங்கம்மா இருக்காளா?"

"வேலைக்குப் போயிருக்காங்க மாமா. என்ன ஆச்சு?"

"கதவைச் சாத்து. நீ படிச்சவன். ஒண்ணு கேக்கணும்."

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் அந்த வட்டாரத்து லைசென்ஸ் ஆட்கள் பார்ன்ஸ்லியில் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். அன்று டான்யா பிர்கின்ஷா என்ற புதுப் பெண் மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறே வாரம். முதல் இரண்டு வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றியவர் மாமாதான். இன்னும் சோதனைக் காலம். பாரம் போதவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, வியாழக்கிழமை எனக்கு உங்க ஊரப் போட்டிருக்காங்க" என்று கைக்கருவியை மேசையில் தள்ளினாள். "சேப்பல் ரோ தெருவுல பட்டியல்ல இருக்கற வீடு முழுக்க. நாய் எந்தெந்த வீட்ல இருக்குன்னு சொல்லுங்க. போன வாரம் ஒண்ணு என் கால்சட்டையையே கிழிச்சிருச்சு."

மாமா விரலால் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தார். "மூணுல ஒண்ணு இருக்கு, குரைக்கும், கடிக்காது. ஒம்போதுல இருக்கறது கடிக்கும்." விரல் இன்னும் கீழே போனது. இருபத்திரண்டு, சேப்பல் ரோ.

"இருபத்திரண்டுல?"

"இருபத்திரண்டுல நாய் இல்ல" என்றார் மாமா.

அது அவர் வீடு.

"பட்டியல்ல தப்பு இருக்கும் மாமா" என்றேன். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணும்."

"நானும் அப்படித்தான் நெனச்சு வீட்டுக்கு ஓடுனேன். வா, நீயே வந்து பாரு."

இரண்டு வீடு தள்ளித்தான். அடுப்படி மேசையில் லோரெய்ன் அத்தை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு குவியலாகக் கவர்கள். ஒரு குவியலில் இருந்தவை எல்லாம் அத்தையின் அப்பா ஹெட்லி பெயருக்கு வந்தவை. ஒன்றும் பிரிக்கவில்லை. இன்னொரு குவியலில் பெயரே இல்லை. 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று மட்டும் சிவப்பு எழுத்தில். அவையும் பிரிக்கப்படவில்லை.

அந்த வீடு ஹெட்லியுடைய வீடு. கல்யாணமானதும் மாமா அங்கே குடிவந்தார். எழுபத்தைந்து வயது தாண்டியவருக்கு டிவி லைசென்ஸ் இலவசம், அது அவர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் செல்லும். ஹெட்லியின் இலவச லைசென்ஸில்தான் அந்த வீட்டு டிவி ஓடியது. முந்தின வருடம் பிப்ரவரியில் ஹெட்லி இறந்தார். ஏப்ரல் கடைசியோடு லைசென்ஸும் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்தது.

"அப்பா பேரு போட்ட கவரை எப்படிப் பிரிக்கிறது?" என்றாள் அத்தை. "தூக்கிப் போடவும் மனசு வரல. அலமாரியில வச்சேன்."

"அது சரி அத்தை. ஆனா இந்தச் சிவப்பு எழுத்துக் கவருங்க? பதினாலு மாசமா வந்திருக்கே?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார்.

"அது அவரு ஆபீஸ் கவருடா. மேல அவரு ஆபீஸ் முத்திரை இருக்கு பாரு. அவருக்குத்தான் மாதிரிக்கு அனுப்புறாங்கன்னு நெனச்சு அவரு டிராயர்ல போட்டேன். ஆபீஸ் காகிதம் எதையும் பிரிக்காத, ரகசியம்னு சொன்னது யாரு? இந்த மனுசன்தான். பதினோரு வருசமா சொல்றாரு."

"நான் டிராயரத் தொறந்தா அதே கவர் கட்டுக்கட்டா கெடக்கும்" என்றார் மாமா. "நான் வீடு வீடாக் குடுக்கறதும் அதேதான். என் விலாசத்த எதுக்கு நான் பாக்கணும்?"

வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். நடக்காது. அந்தக் கவரைக் கண்டால் மற்ற எல்லா வீடுகளும் பயப்படும். அதைக் கண்டு பயப்படாத ஒரே வீடு இதுதான்.

"இப்பவே இன்டர்நெட்ல வாங்கிடலாம் மாமா. பத்து நிமிச வேலை."

"வாங்கினா இன்னைலேருந்துன்னு தேதி விழும்."

"விழட்டுமே."

மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆபீசில் ஒரு தாள் நீட்டுவார்களாம். என் வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி இன்சூரன்ஸ், விடுமுறைப் படிவம் எல்லாவற்றோடும் சேர்த்து எட்டுத் தாள். இந்த ஜனவரியிலும் எட்டையும் போட்டுவிட்டு வந்தார். புதிதாக லைசென்ஸ் வாங்கும் விலாசங்களை ஆபீசில் தங்கள் ஆட்களின் விலாசங்களோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஜூலைத் தேதியைப் பார்த்தால் ஜனவரிக் கையெழுத்து பொய் என்று தெரிந்துவிடும்.

"அந்தத் தாள்ல பொய் சொன்னா வேலை போச்சு. விசாரணையெல்லாம் சும்மா பேருக்குத்தான். ரெண்டு வருசம் முன்னாடி நார்மன்னு ஒருத்தன அப்படித்தான் அனுப்புனாங்க."

வாங்கினாலும் வேலை போகும். வாங்காவிட்டால் வியாழக்கிழமை டான்யா வருவாள்.

"பிக்கர்ஸ்கில்கிட்டப் போயி உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றாள் அத்தை. பிக்கர்ஸ்கில் மாமாவின் மேலதிகாரி.

"அந்த ஆளா? அவன் பொண்டாட்டி பொறந்த நாளையே கம்ப்யூட்டரக் கேட்டுத்தான் சொல்லுவான். அவன்கிட்ட எங்க மாமனார் பேரு போட்ட கவர என் சம்சாரத்தால பிரிக்க முடியலன்னு சொல்லச் சொல்றியா?"

அன்று முழுக்க மடிக்கணினியை வைத்துக்கொண்டு சட்டத்தைப் படித்தேன். மூன்று வருடம் நூலகத்தில் உட்கார்ந்தவனுக்கு இது எம்மாத்திரம் என்ற நினைப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் விடை கிடைத்துவிட்டதாகவே நம்பினேன். டிவி பார்க்காத வீட்டுக்கு லைசென்ஸே தேவையில்லை. டிவி இல்லை என்று பதிவானால் அந்த விலாசம் இரண்டு வருடம் பட்டியலில் வராது. அதற்குள் மெதுவாக ஏதாவது செய்துகொள்ளலாம். டான்யா அத்தையைப் பார்த்ததில்லை. மாமா வேலைக்குப் போய்விட வேண்டும். அத்தை கதவைத் திறந்து, "எங்க வீட்ல டிவி இல்லம்மா, வேணும்னா வந்து பாரு" என்று சொன்னால் போதும். டிவியை மட்டும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எங்களுக்கு லைசென்ஸ் உண்டு.

"இதையே ஒரு ஆயிரம் பேரு என்கிட்டச் சொல்லியிருக்காங்க" என்றார் மாமா.

"அவங்க டிவியை வச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நாம எடுத்துட்டுச் சொல்றோம்."

"உனக்குப் பட்டம் குடுத்தவங்க இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த டிவி ஹெட்லி வாங்கியது. பின்பக்கம் புடைத்த பழைய காலத்துக் கனத்த பெட்டி. மாமாவின் கையால் தூக்க முடியாது. புதன்கிழமை பிற்பகல் நானும் அத்தையும் அதைத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் ஏற்றி மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினோம். இரண்டு வீட்டுத் தூரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ஐடா போக்சன் வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு லோரெய்ன், செத்துப் போயிட்டது? சின்ன ஆளாத் தெரியுதே?"

"துணிங்க ஐடாக்கா. துவைக்கப் போடறோம்" என்றாள் அத்தை.

"துணிக்கா இந்தப் பையன் இப்படி முக்குறான்? பட்டம் வாங்குனா பலம் போயிருமா?"

வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியதில் போர்வை நழுவியது. வயர் ஒன்று வெளியே தொங்கியது. ஐடா அதைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் போர்வை போர்த்திய பெட்டி ஒன்று வீட்டை விட்டுப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், லைசென்ஸ் ஆள் வரப்போகிறார். அதுவும் பெட்டி போலீஸ் வீட்டிலிருந்தே போனால்? டெரிக்குக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது, நாளைக்குத் தெருவே மாட்டப் போகிறது என்று ஐடா பக்கத்து வீட்டில் சொன்னாள். பக்கத்து வீடு அதற்கடுத்த வீட்டில் சொன்னது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேப்பல் ரோவில் டிவிகள் துணி அலமாரிக்குள்ளும், கட்டிலுக்கடியிலும், கோழிக் கூண்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. லைசென்ஸ் ஒழுங்காக வைத்திருந்தவர்கள்கூட, எதற்கு வம்பு என்று ஒளித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் மாமா வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டார்.

"நீங்க இருந்தா திட்டமே கெட்டுப்போகும் மாமா. அவ உங்களப் பாத்தா?"

"மேல மாடியில இருந்துக்கறேன். இவளத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு முடியலடா."

அத்தை ஏழு மணியிலிருந்து முன்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிவி இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெளிர்ச் சதுரம் தெரிந்தது. அதை மறைக்க ஒரு பூச்சாடியை வைத்தாள். பூச்சாடி சின்னது. நாலு பக்கமும் சதுரம் தெரிந்தது. எடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டாள். பிறகு நாற்காலியையும் எடுத்தாள். "எங்க வீட்ல டிவி இல்லம்மா. எங்க வீட்ல டிவி இல்லம்மா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்தரை மணிக்குத் தெருவில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. அப்புறம் அமைதி. அடுத்த வீடு. மூன்று தட்டு. அமைதி. வழக்கமாக அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ரேடியோ கேட்கும், டிவி கேட்கும், யாராவது யாரையாவது திட்டுவது கேட்கும். அன்று ஒன்றுமில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஒன்பதாம் எண்காரர் தன் நாயின் வாயில் எலும்பைத் திணித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மாமா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "ஒரு கதவும் தொறக்கலையே. ஏன்?" என்று கிசுகிசுத்தார்.

ஐடா பார்த்ததைச் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

பதினெட்டு. இருபது. மழை தூற ஆரம்பித்தது. தோட்டத்துக் கதவு கிரீச்சிட்டது. காலடிச் சத்தம். அத்தை எழுந்து கதவை நோக்கி இரண்டடி வைத்தாள். அப்படியே ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியாது. முடியாதுங்க." மாமா அவளைப் பிடிக்கக் குனிந்தவர் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மூன்று பேரும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு.

மூன்று தட்டு. செருப்புச் சத்தம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"கதவுக்கு இந்தப் பக்கம் இப்படியா இருக்கும்?" என்று மாமா என் காதில் சொன்னார்.

டான்யா போகவில்லை. அந்தத் தெருவில் மாமா வீட்டு வாசலுக்கு மேல்தான் சின்னதாக ஒரு கூரை நீட்டல் உண்டு. மழைக்கு அதன் அடியில் நின்று போனில் பேச ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ தூரம். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இல்ல சார். தெரு முழுக்கத் தட்டிட்டேன். ஒருத்தரும் தொறக்கல... இல்ல சார், சும்மா சொல்லல... ஆமா சார், வாரத்துக்கு எத்தன பாரம் வேணும்னு தெரியும். இந்த வாரம் ஒண்ணுகூட இல்ல... திங்கட்கிழமை வந்து பாக்கறேன் சார்... இல்ல, அழல. மழை."

போன் அணைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மாமா எழுந்தார். அத்தை அவர் கால்சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்தார்.

"அண்ணே!" டான்யாவின் முகம் மலர்ந்தது. "நீங்க இங்க என்ன பண்றீங்க? வயித்துவலின்னு சொன்னாங்க. இது யாரு வீடு, சொந்தக்காரங்களா?"

தப்பிக்க வழியை அவளே திறந்துவிட்டாள். ஆமா, தங்கச்சி வீடு, பூட்டிட்டுப் போயிருக்கா, பூனைக்குச் சோறு வைக்க வந்தேன். ஒரே வரி. நான் மனதுக்குள் அந்த வரியை அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தேன்.

"என் வீடு" என்றார் மாமா. "உள்ள வா, நனையுற."

உள்ளே வந்தவள் எங்களைப் பார்த்தாள். தரையில் நானும் அத்தையும். சுவரில் வெளிர்ச் சதுரம். கைக்கருவியைப் பார்த்தாள், திரும்ப மாமாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. முகத்தில் இருந்த மலர்ச்சி வடிந்தது.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். ஹெட்லி, கவர்கள், டிராயர், ஜனவரித் தாள். டிவி தன் அக்கா வீட்டில், அதாவது எங்கள் வீட்டில் இருக்கிறது, நேற்று வரைக்கும் இங்கேதான் ஓடியது என்பதையும் சொன்னார்.

"நான் எதையும் கேக்கலண்ணே" என்றாள் டான்யா. "டிவி இல்லன்னு போட்டுடறேன். இங்க டிவி இல்லதானே? கண்ணால பாத்தேன்ல?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சுன்னு காதாலயும் கேட்ட."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்ணே."

அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாமா சிரிக்கவில்லை.

"நாளைக்கு என் கதை எப்படியாவது வெளிய வரும். இந்தத் தெருவப் பாத்தல்ல? இங்க எது நிக்கும்? வந்தா, இருபத்திரண்டாம் நம்பர்ல யாரு போயி என்ன எழுதுனாங்கன்னு பாப்பாங்க. அப்ப நீயும் போயிருவ. ரெண்டு பேரு போகவேணாம். பாரத்த எடு."

"அண்ணே, வேணாம்ணே."

"எடும்மா. முதல்ல எச்சரிக்கை வாசி."

டான்யா வாசித்தாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்வது சாட்சியமாகக் கொள்ளப்படலாம். குரல் தடுமாறியது.

"நடுவுல ஒண்ண விட்டுட்ட" என்றார் மாமா. "இப்பச் சொல்லாத ஒண்ணப் பின்னாடி கோர்ட்ல சொன்னா அது எனக்குக் கெடுதலாகலாம்னு சொல்லணும். அத விட்டா பாரம் செல்லாது. திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாள். கேள்விகளைக் கேட்டாள். பதில்களை எழுதினாள். அத்தை டீ போட எழுந்தபோது, "இப்ப வேணாம்" என்று மாமா தடுத்தார். டான்யா பாரத்தை நீட்டினாள். மாமா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தார். அவ்வளவு நேரமும் டான்யா ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரத்துப்போன விரலால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானமே என் மடிக்கணினியில் புது லைசென்ஸ் வாங்கினோம். சாயங்காலம் டிவி அதே வண்டியில், போர்வை இல்லாமல் திரும்பிப் போனது. ஐடா வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"ஏண்டா, ஒருத்தரும் மாட்டலையாமே? என் டிவியத் தூக்கி அலமாரிக்குள்ள வச்சதுல என் முதுகு போச்சு. யாருகிட்ட நஷ்டஈடு கேக்கறது?"

"ஒருத்தரு மாட்டினாரு ஐடாக்கா" என்றேன்.

மூன்று வாரம் மாமா வீட்டிலேயே இருந்தார். விசாரணை முடியும் வரைக்கும் வரவேண்டாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவருக்காக நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். என் பேராசிரியர்கள் படித்தால் மெச்சியிருப்பார்கள். மாமா இரண்டு முறை வாசித்துவிட்டு, "நல்லா இருக்குடா. ஆனா இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியல" என்று மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு தன் கையெழுத்தில் ஆறே வரி எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

அந்த மூன்று வாரத்தில் அவர் ஆறு கிலோ இளைத்தார். போன் அடித்தால் எழுவார், எடுக்காமல் நிற்பார். தபால் வரும் நேரத்தில் தோட்டத்தில் இல்லாத வேலையைத் தேடிப்போவார். டிவியை ஒருநாளும் போடவில்லை, இப்போது லைசென்ஸ் இருந்தும்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு காலையில் நான் அங்கே இருந்தபோது போன் வந்தது. பிக்கர்ஸ்கில். மாமா நின்றபடியே கேட்டார். "சரி... சரிங்க... ஆமா, வாசிச்சுத்தான் போட்டேன். இந்தப் பாரம் வாசிச்சுப் போட்டது. ஜனவரித் தாள் வாசிக்காமப் போட்டது... சரிங்க. கைக்கருவிய வந்து வாங்கிக்குவீங்களா, நான் கொண்டாரணுமா?... சரி."

போனை வைத்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அத்தை அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"வேலை முடிஞ்சிருச்சு. இந்த மாசக் கடைசியோட."

அத்தை தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததுதான்.

"அப்ப கோர்ட்டு?" என்றாள் பிறகு. "அதையாவது விட்டுருவாங்களா?"

"அது வேற ஆபீசாம். அவங்க தனியா எழுதுவாங்களாம்."

"எப்ப?"

"அத அவரு சொல்லல" என்றார் மாமா.